மிஸ் எர்னஸ்டீனின் அம்மா வீடு

சிக்கந்தராபாத்துக்குப் பக்கத்தில், ஹப்சிகுடா மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில் இயங்கும் கம்பெனியில் ஆக்னஸுக்கு வேலை. இடிந்துபோன வீடுகளைத் திரும்பக் கட்டுவதுதான் அவள் வேலை. செங்கலும் சிமெண்டும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில். தூத்துக்குடியில் இருக்கும் அவள் அம்மா இதை ஒரு வேலையென்று இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பளம் மாசம் பிறந்தால் வந்துவிடுகிறது என்பதால் விட்டுவைத்திருக்கிறாள்.

இப்போது கையில் இருந்தது அமெரிக்காவின் நடுவில் உள்ள ஒரு நகரத்து வேலை. பெயர் நமக்கு வேண்டாம். அந்த நாட்டில் பல ஊர்களில் இதே கதைதான் நடந்திருக்கிறது. உலகப் போர் முடிந்த சில வருஷங்களில், பழைய பேட்டைகளை இடித்து நகரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி அங்கே மத்திய அரசு பணத்தை அள்ளிக் கொடுத்தது. அதிகாரிகள் வரைபடத்தை விரித்து ஒரு பேட்டையைச் சுற்றிக் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் இருந்ததெல்லாம் ஒரே நாளில் ‘சீர்கெட்ட பகுதி’ ஆகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். அவர்களுடைய சர்ச், சலூன், மளிகைக்கடை, பாட்டுக் கச்சேரி நடக்கும் ஹோட்டல், வீடுகள் எல்லாம் புல்டோசருக்குப் போயின. புது வீடு தருவோம் என்றார்கள். கடைசியில் வந்தது ஒரு நெடுஞ்சாலையும் கார் நிறுத்தும் மைதானமும்தான்.

பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த நகரத்துக்கு மனசு உறுத்தியிருக்கிறது. அருங்காட்சியகத்தில் பழைய பேட்டையை அப்படியே காட்டப்போகிறார்களாம். கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டால் அந்தத் தெருவில் நடக்கலாம், பல வீடுகளுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். இடிக்கவும் டெண்டர், கட்டவும் டெண்டர். கட்டுகிற டெண்டர் எங்கெங்கோ சுற்றி ஹப்சிகுடாவுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பேட்டையில் வளர்ந்து இன்னும் உயிரோடு இருக்கிறவர் மிஸ் எர்னஸ்டீன். எண்பதைத் தாண்டியவர். வெள்ளிக்கிழமை மாலையில் வீடியோவில் வருவார். அவருக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். பேச்சு இங்கிலீஷில்தான், நாம் தமிழில் கேட்டுக்கொள்வோம். “அந்த மரம் சலூனுக்கு இடது பக்கம்”, “சர்ச் கதவு பச்சை இல்ல, சிவப்பு” என்று திருத்துவார். ஆக்னஸுக்கு அவரை மிகவும் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமை வந்தால் தலையைக்கூடக் கொஞ்சம் ஒழுங்காக வாரிக்கொள்வாள்.

டிசம்பர் முதல் வாரத்தில் மிஸ் எர்னஸ்டீன் பிறந்த வீட்டின் முறை வந்தது. இருந்தது ஒரே ஒரு புகைப்படம். நகராட்சி ஆள் எடுத்தது. திட்டத்தின் பெருமையைச் சொல்ல அவர்கள் அச்சடித்த புத்தகத்தில் ‘முன்பு’ என்று போட்டு அதைத்தான் வெளியிட்டிருந்தார்கள். வராந்தாக் கைப்பிடியில் மெத்தை தொங்கியது. முற்றத்தில் நாற்காலிகள், சட்டி பானைகள், மூட்டைகள், ஒரு தகர டப்பா. ஆக்னஸ் படத்தில் இருந்ததையெல்லாம் வைத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கைத்திறமையைக் காட்டும் ஆசையில் பலகைச் சுவரில் பூஞ்சையும் படியில் எண்ணெய்க் கறையும் கூடச் சேர்த்தாள். அவள் மேலாளர் ஸ்ரீஜா பார்த்துவிட்டு, “தத்ரூபமா இருக்கு” என்று தோளில் தட்டிக்கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மிஸ் எர்னஸ்டீன் திரையைப் பார்த்து, “இது யார் வீடு?” என்றார்.

“உங்க வீடுதான்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “எடுத்துடு. அந்த இடத்துல புல்லப் போட்டுடு. அம்மா சாகுற வரைக்கும் அந்தப் புத்தகத்த வீட்டுக்குள்ள விடல” என்றார். கேமரா அணைந்தது.

ஆக்னஸுக்கு முகம் சுட்டது. அருங்காட்சியகத்தாரும் மூத்தவர் விருப்பப்படியே புல் போட்டுவிடலாம் என்று எழுதிவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசித் திருத்தம். ஸ்ரீஜா சிக்கந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், பேச்சில் அந்த ஊர் இந்தி கலந்துவரும். “ஹவ், ஆமா, கிளையண்டே சொல்லிட்டாங்கல்ல? போட்டுடு. கைக்கு, எதுக்கு டென்ஷன்?” என்றாள்.

போலாரத்து வாடகை வீட்டுக்கு வந்ததும் ஆக்னஸ் கணவனிடம் புலம்பினாள். “ஏங்க, அந்த வீட்ட மொதத் தடவ கவர்மெண்டு இடிச்சிச்சு. ரெண்டாந் தடவ நா இடிக்கப் போறேன்.”

ஆண்டனிக்கு மனைவியின் கவலை புரிந்தது, ஆனால் அவனுக்கு வேறு கவலை இருந்தது. “கிறிஸ்துமஸ் வந்துட்டு. நாளைக்கு வெள்ளையடிக்க ஆள் வாரான். மொதல்ல நம்ம வீட்டப் பாரு.”

மறுநாள் காலையில் வீட்டுக்குள் இருந்த சகலமும் வாசலுக்கு வந்தது. கட்டில், மெத்தை, மிக்ஸி, மாவு வாளி, போன வருஷத்து நட்சத்திரம், எதற்கென்றே தெரியாமல் சேர்த்துவைத்திருந்த அட்டைப் பெட்டிகள். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்பது அன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். ஆக்னஸ் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடை அடித்தாள்.

குப்பை எடுக்கிற ஆட்டோ வந்து நின்றது. “அம்மா, யே சப் கச்ரா ஹை க்யா?” என்று, எல்லாம் குப்பையா எனக் கேட்ட ஆள், பதிலுக்குக் காத்திராமல் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்.

“ஐயோ, நக்கோ பையா, வேண்டாம்! கச்ரா நஹி! வீட்டச் சுத்தம் பண்ணுதோம்!” என்று இந்தியில் பாதி தூத்துக்குடியில் பாதியாகக் கத்திக்கொண்டே ஓடி வந்து மறுமுனையைப் பிடித்தாள். ஆண்டனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. மெத்தையைப் பிடித்தபடி தன் வாசலையே பார்த்தாள். இந்த நேரத்தில் யாராவது படம் எடுத்தால், தெருவிலேயே அழுக்கான வீடு இதுதான் என்று சத்தியம் செய்வார்கள். ஃபோனை எடுத்து அந்தப் பழைய படத்தைப் பெரிதாக்கினாள். நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்து அடுக்கியிருந்தன. சின்னப் பானை பெரிய பானைக்குள் இருந்தது. மூட்டைகள் முடிச்சுப் போட்டு வரிசையாக நின்றன. ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, ஒன்றிலும் திரைச்சீலை இல்லை. குப்பையை இப்படி யார் அடுக்கிவைப்பார்கள்? இதை நான் ஏன் பார்க்கவில்லை என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கூடவே, வீட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று சந்தோஷமும் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலையில் பூஞ்சையும் கறையும் போன வீடு தயாராக இருந்தது. மிஸ் எர்னஸ்டீன் வந்ததும் ஆக்னஸ் மூச்சுவிடாமல் பேசினாள். “நான் தப்பு பண்ணிட்டேன். உங்க வீடு அழுக்கு இல்ல. சுத்தம் பண்ற அன்னைக்குப் படம் எடுத்திருக்காங்க. எங்க வீட்டுலயும் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி இப்படித்தான்.” மெத்தைக்கு நடந்த இழுபறியையும் சொன்னாள்.

மிஸ் எர்னஸ்டீன் கொஞ்சம் சிரித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆக்னஸ் திரையில் காட்டிய அந்தப் புகைப்படத்துக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் நின்று பார்த்ததே கிடையாது.

“இல்ல கண்ணு. நாங்க வீட்டக் காலி பண்ணின நாள் இது. லாரி வர லேட்டாயிடுச்சு.”

 இவ்வளவு குதூகலமாக உளறிவிட்டோமே என்று ஆக்னஸ் கூசிப்போனாள். “மன்னிச்சுக்குங்க” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

அவர் அதைக் கவனிக்கவில்லை. படத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். “நாங்க எல்லாம் தெருவுல லாரியப் பார்த்துட்டு நிக்கிறோம், படத்துல விழல. அம்மாவும் இதுல இல்ல. உள்ள இருந்தா. முட்டி போட்டு, சோப்புத் தண்ணியில தரையக் கழுவிட்டிருந்தா. மறுநாள் இடிக்கப் போறாங்க. எனக்குப் பதினாலு வயசு, வாயும் ஜாஸ்தி. இடிக்கிற வீட்ட எதுக்கும்மா கழுவுறேன்னு கேட்டேன். ‘இடிக்கிறது அவங்க பாடு. அழுக்காக் குடுத்தா அது என் பேரு’ன்னா.”



“புல் போடட்டுமா?” என்று ஆக்னஸ் மெல்லக் கேட்டாள்.

“வேண்டாம். சாமானெல்லாம் வெளியிலயே இருக்கட்டும். கதவத் திறந்து வை. உள்ள அந்தத் தரையப் போடு.”

உள்பக்கப் படமே இல்லாததால் இந்த வீட்டுக்கு உள்பக்கம் எஸ்டிமேட்டிலேயே இல்லை என்று ஸ்ரீஜா முணுமுணுத்தாள். காரணத்தைக் கேட்டதும் தானே அமெரிக்காவுக்கு எழுதி இன்னும் நாலு நாள் வாங்கிக் கொடுத்தாள். ஆக்னஸ் ஒவ்வொரு பலகையாகப் போட்டாள். எந்தப் பலகை தேய்ந்திருந்தது, அடுப்படியில் எது கருகியிருந்தது என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே ஈரத்தைப் பூசினாள். கதவு வழியாக வெயில் விழுந்து தரை மினுங்கியது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில் மிஸ் எர்னஸ்டீன் அருங்காட்சியகத்தில் கருவியை மாட்டிக்கொண்டு அந்தத் தெருவில் நடந்தார். ஹப்சிகுடாவில் ஆக்னஸ் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சலூனைத் தாண்டினார், மெத்தை தொங்கிய வராந்தாவில் ஏறினார், திறந்திருந்த கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த பணியாளர், “உள்ளேயும் போகலாம், மேடம்” என்று உற்சாகப்படுத்தினார்.

அவர் அசையவில்லை.

“இன்னும் காயல” என்றார். “ஆக்னஸ், யாரையும் உள்ள விட்டுடாத. அம்மா திட்டுவா.”

ஆக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, விடமாட்டேன்” என்றாள். மற்ற வீடுகளுக்குள் எல்லாரும் போய்வரலாம். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வழியை வாசற்படியோடு நிறுத்திவிட்டு, அவள் வேலையை முடித்தாள்.