கழுத்தளவு தண்ணீரில் ஒரு கமிட்டி

திருச்சபையின் கமிட்டி அறையில் குழாய் உடைந்து மூன்று வாரம் ஆயிற்று. பிளம்பர் ஸ்பேனரோடு வாசலிலேயே நின்றார். குழாய் மாட்டுவது ஊழியம்தானா என்று கமிட்டி முடிவெடுக்கும்வரை கைவைக்கக் கூடாதாம். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் எல்லாரும் நாற்காலிமேல் ஏறி விவாதித்தார்கள். கழுத்துக்கு வந்ததும் செயலாளர் தீர்மானப் புத்தகத்தைத் தலையில் வைத்துக்கொண்டார்.

பிளம்பருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆண்டவர் என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டப்போ உங்ககிட்ட ஓட்டு கேட்டாரா?"

"அப்ப நீங்களே போய் மாட்ட வேண்டியதுதானே?" என்றார் தலைவர், தண்ணீரைத் துப்பியபடி.

"ஒத்த ஆளா முடிஞ்சா ஏன் நிக்கறேன்? குழாயோட அந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். இறங்குங்கண்ணே!"

தலைவர் இறங்கிப் பிடித்தார். பத்தே நிமிடத்தில் தண்ணீர் நின்றது.

"இதைத் தீர்மானத்துல எப்படி எழுதறது?" என்றார் செயலாளர்.

"புத்தகத்தை வச்சுட்டு வாளியை எடுய்யா!" என்று சீறினார் தலைவர்.