மதகு மூலை

தாமல் ஏரியில் மீன் குத்தகைக்காரருக்கு, இறால் பெண்களுக்கு. இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் குத்தகை எடுத்த கோதண்டபாணிகூடத் தன் வலையில் இறால் விழுந்தால் கரையில் உதறிவிட்டுத்தான் போவார்.

பெண்களுக்குள் கரை பிரிந்திருந்தது. மாமியாரின் கரை மருமகளுக்கு. பொன்னியம்மாளின் மாமியாருக்கு இரண்டு இடங்கள் இருந்தன. சாவதற்கு முன் கல்லுக்கரையைப் பெரிய மருமகள் பொன்னியம்மாளுக்கும், மதகு மூலையைச் சின்ன மருமகள் காந்தாவுக்கும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். மதகு மூலையில் சேறும் பாசியும் கோரையும் உண்டு. கல்லுக்கரையில் கல் உண்டு.

நொச்சித் தழையைக் கட்டாகக் கட்டி மாலையில் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். விடிந்ததும் மெல்லத் தூக்கிக் கூடைமேல் உதறினால், தழைக்குள் ஒண்டியிருந்த இறால் பொலபொலவென்று கொட்டும். காந்தாவின் கூடையில் அது கொட்டும் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பொன்னியம்மாள் தன் கட்டைத் தூக்குவாள்.

"இன்னாக்கா, இன்னிக்கும் அரைக் கூடைதானா?" என்று காந்தா கேட்பாள்.

"உன் மூலையில மகாலட்சுமி குந்திக்கினு இருக்கா. என் கல்லாண்ட ஓணான்தான் குந்தும்."

காந்தா சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் கள்ளம் இருந்திருந்தால் பொன்னியம்மாளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவரும் முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போவார்கள். சரிகை வியாபாரி அப்துல் சத்தார் வீட்டில்தான் முதல் போணி. அந்த வீட்டு உம்முசல்மா வாங்கிவிட்டால் தெருவே வாங்கும். ஒரு நாளாவது அந்த வாசலில் தன் கூடை முதலில் இறங்க வேண்டும் என்பதுதான் பொன்னியம்மாளின் ஆசை.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பஸ்ஸை விட்டு இறங்கியதும் காந்தாவுக்கு முன்னால் ஓடினாள்.

"அம்மா, எறா!"

"யாரு, காந்தாவா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இல்லம்மா. நான் பெரியவ, பொன்னி."

உம்முசல்மா வந்து கூடைமேல் இருந்த தாமரை இலையை விலக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. கொஞ்சம் இரும்மா, காந்தா வந்துடட்டும்."

காந்தா நிதானமாக வந்தாள். அவள் கூடை முழுதும் அங்கேயே காலியானது. உம்முசல்மா வேலைக்காரியிடம், "பாவம், அவகிட்டயும் ஒரு கை வாங்கிக்க" என்றாள்.

பொன்னியம்மாள் அந்த ஒரு கையை அளந்து போட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள்.

மீதி இறாலை விற்க அவள் தனியாக ஐயம்பேட்டைக்குப் போனாள். அங்கே வீராசாமி என்பவர் தன் குட்டையில் ஜிலேபி மீன் பிடித்துக் கரையிலிருந்த தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தார். அந்த மீன் இந்தப் பக்கம் புதிது. கறுப்பாக, முதுகில் முள்ளை விறைத்துக்கொண்டு துள்ளியது.

"இது இன்னா திங்கும்?" என்று கேட்டாள்.

"இன்னா திங்காதுன்னு கேளு. பாசி, புழு, எறா, முட்டை எல்லாம் துன்னுடும். குட்டையில முன்ன கெடந்த கெண்டைப்பொடி ஒண்ணு இல்ல இப்ப."

பொன்னியம்மாள் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தன் இறாலில் இரண்டு கை கொடுத்து, ஒரே ஒரு மீனைக் கேட்டாள். உயிரோடு வேண்டும் என்றாள். தொட்டியில் கையை விட்டுத் துழாவித் தானே தேர்ந்தெடுத்தாள். தொண்டை உப்பி, வாயை இறுக மூடிக்கொண்டிருந்த மீன் அது. அவ்வளவு பெரிய தொண்டை இருந்தால் எவ்வளவு விழுங்கும் என்று கணக்குப் போட்டாள். ஒற்றை மீன்தானே, மதகு மூலையைக் காலி செய்துவிட்டுச் செத்துப்போகும்.

வீராசாமியிடம் இரவல் வாங்கிய தவலையில் தண்ணீர் ஊற்றி மீனை விட்டு, தவலையின் வாயைத் துணியால் கட்டி, பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாள். அன்று மாலையே மதகு மூலையில் விட்டாள்.

ஜிலேபி மீனில் தாய்தான் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் அது இரை எடுக்காது. தொட்டியில் இருந்தவற்றிலேயே பசியில்லாத மீனைத்தான் பொன்னியம்மாள் தேடி எடுத்திருந்தாள். ஏரித் தண்ணீர் பட்டதும் அது வாயைத் திறந்தது. நூற்றுக்கணக்கான குஞ்சுகள் கோரைக்குள் கலைந்தன.

ஆடியில் மதகு மூலைச் சேற்றில் ஜிலேபி முட்டையிடத் தோண்டிய குழிகள் தாம்பாளம் போல வட்ட வட்டமாகத் தெரிந்தன. கோரை வேரோடு மிதந்தது. காந்தாவின் கூடையில் சத்தம் குறைந்தது. பொன்னியம்மாள் அந்த மாதம் நன்றாகத் தூங்கினாள்.

ஐப்பசியில் கல்லுக்கரையிலும் இறால் இல்லை. அடுத்த தைக்குள் ஏரி முழுவதும் இல்லை. பதினான்கு பெண்கள் வெறும் தழையை உதறினார்கள். மீனோ குத்தகைக்காரருடையது.

காந்தா ஒரு ஜிலேபியை எடுத்துக்கொண்டு கோதண்டபாணி முன்னால் போய் நின்றாள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

"எறா எங்களுதுதானேண்ணா?"

"ஆமாம்மா. யாரு இல்லைன்னா?"

"அந்த எறால்லாம் இப்ப இது வயித்துலதான் இருக்குது. நீயே அறுத்துப் பாரு. எங்க எறாவத் துன்ன மீனு எங்களுதுதானே?"

கோதண்டபாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ. எடுத்துக்கினு போங்க. இந்தக் கருவாட்டு மூஞ்சி மீன எவன் வாங்கப் போறான்?"

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகள் வாங்கின. விலை மலிவு, குழம்பு நிறையக் காணும். உம்முசல்மாவும் முதலில் முகம் சுளித்துவிட்டு, காந்தா செதில் நீக்கி, மஞ்சள் தடவிக் கொடுத்ததும் வாங்கினாள். காந்தாவின் கூடை மறுபடியும் முதலில் காலியானது.

ஒரு காலை, பெண்கள் பஸ்ஸுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். அவர்களில் பெரியநாயகி சொன்னாள்: "எறா போச்சேன்னு அழுதோம். இந்த மீனு இல்லைன்னா இன்னா ஆயிருப்போம்? மொதமொதல்ல மதகு மூலையிலதானே வந்துச்சி. எல்லாம் காந்தா ராசி."

"அவ கால் வச்ச எடம் அப்படி" என்றாள் இன்னொருத்தி.

பொன்னியம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"ராசியாம் ராசி! ஐயம்பேட்டையிலேர்ந்து மடியில வச்சிக்கினு வந்து உட்டது நானு. அவ இன்னா பண்ணா?"

காந்தா மெதுவாகத் திரும்பினாள்.

"நீயாக்கா? எதுக்கு என் மூலையில உட்ட?"

உன் நன்மைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த நிமிடத்தில் எல்லோரும் நம்பியிருப்பார்கள். பொன்னியம்மாளுக்கு அது தோன்றவில்லை.

"உன் எறாவ மட்டுந்தான் துன்னும்னு நெனச்சேன்."

பெரியநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். காந்தா, பொன்னியம்மாளின் கூடையோடு ஒட்டியிருந்த தன் கூடையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.

"மாமியாரு குடுத்தது தப்புன்னுதானே உனுக்கு? நாளையிலேர்ந்து மதகு மூலைய நீ வச்சிக்க. கல்லுக்கரைக்கு நான் போறேன்."

பஸ் வந்தது. பொன்னியம்மாள் உட்கார்ந்த சீட்டில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் விடியலில் அவள் மதகு மூலையில் இறங்கினாள். முழங்கால்வரை சேறு. அவள் பத்து வருடமாக மனசுக்குள் ஆசைப்பட்ட இடம். கைவலையில் நாலு மீன் துள்ளின. அவற்றைக் கூடையில் போடாமல், கழுத்தை நீட்டிக் கல்லுக்கரைப் பக்கம் பார்த்தாள். காந்தா குனிந்திருந்தாள். வலையில் எத்தனை என்று இங்கிருந்து தெரியவில்லை.