வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து

உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த அறை அது. பள்ளிக்கூடத்தார் அதைக் காலி செய்து ஒரு மேசையும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கல்லூரியில் இடம் கிடைத்தும் கட்டணத்துக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தருவது அங்கே உட்கார்ந்திருந்தவளின் வேலை. ஊரே அவளை ஃபாரம் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

எந்தத் தாளையும் வரி வரியாக வாசித்துக் காட்டாமல் அவள் கையெழுத்து வாங்க மாட்டாள். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தம்பதி, கடன் பத்திரத்தை இனாம் பணம் என்று நினைத்து அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து வங்கி நோட்டீஸோடு வந்து எதிரில் நின்றார்கள். திட்டக்கூட இல்லை. அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். "அக்கா வாசிக்க ஆரம்பிச்சாச்சு, வா, டீ குடிச்சுட்டு வந்துடலாம்" என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி பேசுவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு அப்பா, அம்மா, மகள் வந்தார்கள். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. ஆனால் உதவித்தொகை பாதிக் கட்டணத்துக்குத்தான் வந்திருந்தது. மீதியை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கட்டாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போன வருஷ வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அதில் அப்பாவின் சம்பளம் கொஞ்சம் கூடுதல் என்று அக்கா விளக்கினாள்.

அம்மாவுக்கு அதில் வருத்தத்தோடு ஒரு பெருமையும் இருந்தது. அட்டைப்பெட்டி ஆலையில் கட்டிங் மெஷின் பார்க்கிறாராம், ஓவர்டைம் என்றால் உயிராம். "முன்னெல்லாம் சட்டை பூரா பசையா இருக்கும். இப்ப ஏதோ புது மெஷினாம், ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. எனக்குத் துவைக்கிற வேலை மிச்சம்" என்று சிரித்தாள்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். இந்த வருஷம் வருமானம் குறைந்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"வீட்ல பேசவே காசு கேப்பார். இங்க வந்து கேள்வியெல்லாம் கேக்கறார் பாருங்க" என்றாள் அம்மா.

மறுபரிசீலனை மனு போடலாம், மனு நிலுவையில் இருக்கும்வரை இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்றாள் அக்கா. வேலை போயிருந்தால் ஆலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அப்பா அம்மா இருவரும் அவள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார்.

மறுநாள் காலை தனியாக வந்தார். ஆலைச் சீருடை, கையில் சாப்பாட்டு டப்பா. பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய ஷிப்ட் ஆட்கள் எல்லோரையும் நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. ஆலை கொடுத்த தொகையை வங்கியில் போட்டு, ஒன்றாம் தேதி ஒன்றாம் தேதி சம்பளம் மாதிரி எடுத்துக்கொண்டு போய் மனைவியிடம் கொடுத்துவந்தார். அடுத்த மாதம் அதுவும் தீர்ந்துவிடும்.

"அன்னிக்கே சொல்லலாம்னுதான் மேடம் வீட்டுக்குப் போனேன். பாப்பா வகுப்புல முதல் மார்க் வாங்கிட்டு வந்திருந்தா. அவ அம்மா சிரிச்சுட்டு இருந்தா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அது அப்படியே நாளைக்கு, நாளைக்குன்னு போயிடுச்சு."

அக்கா மனுவை எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்கு மட்டும் வாசிக்க வேணாம். இடத்தைக் காட்டினாப் போதும், போட்டுடுவா. என்னை நம்புவா."

"அதனாலதான் சார் வாசிக்கணும்" என்றாள் அக்கா.

புதனும் வியாழனும் யாரும் வரவில்லை. மனு இழுப்பறையில் கிடந்தது. அம்மாவைக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்தாள். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கு மூன்று பேரும் வந்தார்கள். ஏதோ ஒரு கையெழுத்து பாக்கி என்று மட்டும் சொல்லித்தான் அழைத்து வந்திருப்பார் போல. பஸ் கூட்டத்தைப் பற்றிப் புலம்பிக்கொண்டே அம்மா உட்கார்ந்தாள். அக்கா தாளை எடுத்தாள். பெயர், முகவரி, படிப்பு எல்லாம் வாசித்தாள். ஆறாவது வரியில் நிறுத்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

"நான் வாசிக்கிறேன் மேடம்."

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். "மாணவியின் தந்தை... கடந்த ஏழு மாதங்களாக... வேலையின்றி இருக்கிறார்."

மகள் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வேணா அடுத்த வருஷம் சேந்துக்கிறேன்மா" என்றாள்.

"நீ சும்மா இரு."

அம்மா தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரிக்கு அடியில் விரலை வைத்துத் தானும் ஒருமுறை படித்தாள். அப்புறம் பேனா கேட்டாள். எழுத்து எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். மூடியைப் பேனாவில் செருகிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"தினம் கட்டிக் குடுத்தேனே, அதை எங்க உக்காந்து சாப்பிட்டீங்க?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு பெஞ்ச் இருக்கு."

"மழை நாள்ல?"

அவர் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அக்கா முத்திரை குத்தி மணியைக் குறித்தாள், நாலு ஐம்பது. முடிவு தெரிய மூன்று வாரம் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள்.

அம்மா எழுந்து அவர் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். அது கனத்தது. ஒரு நிமிஷம் அதைக் கையிலேயே பிடித்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு, மகளோடு முன்னால் நடந்தாள். அவர் நாலடி தள்ளிப் பின்னால் போனார்.