சாடித் தண்ணீரும் சிவப்பு வட்டமும்

அப்பாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. யூச்சின் குனிந்து வீங்கிய கணுக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. பத்து வருடச் சர்க்கரை சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அரிப்பது தெரிந்த கதைதான்; ஆனால் இந்த இரண்டே மாதத்தில் ஏன் இப்படி? சிறுநீரக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள், அவளுக்கே ஒன்றும் பிடிபடவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாப்பா?"

"போடாம? நீ சொன்ன மருந்தையும் சேத்துத்தான் குடிக்கிறேன்."

"நான் சொன்ன மருந்தா? எது?"

சீனாவின் செங்டு நகரில் முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டி ஓய்ந்த அப்பா கோங் டெஃபு, ஜன்னலோர ஊறுகாய்ச் சாடியைப் பெருமையாகக் காட்டினார். முள்ளங்கியும் மிளகாயும் ஊறும் புளித்த தண்ணீர். "தெனமும் காலையில ஒரு கிண்ணம்."

"ஐயோ, அது முழுக்க உப்புப்பா!"

"நீதானேம்மா படம் போட்டே?"

சுவரில் அவள் ஒட்டிய தாள் இருந்தது. சர்க்கரையால் கெடும் சிறுநீரகம் பற்றியும் குடல் பாக்டீரியா பற்றியும் உலகம் முழுக்க வந்த ஆராய்ச்சிகளின் வரைபடம், தலைப்புக்கு ஒரு வட்டமாக. நடுவில் உள்ளங்கையளவு சிவப்பு வட்டம்: குடல் பாக்டீரியா.

"இதான் பெருசு. மாத்திரையெல்லாம் ஓரத்துல கடுகு மாதிரி கெடக்கு. பாக்டீரியா எங்க கெடைக்கும்னு கேட்டேன். நம்ம சாடியிலயே கோடிக்கணக்குல இருக்கேன்னு நீதான் சொன்னே."

சொல்லித் தொலைத்திருந்தாள், கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே.

"பெரிய வட்டம்னா நல்ல மருந்துன்னு இல்லப்பா. நெறைய பேர் அதப் பத்தி எழுதியிருக்காங்க, அவ்வளவுதான்."

"சரி, என்னதான் எழுதியிருக்காங்க?"

"எலிக்கு நல்லா ஆச்சுங்கிறாங்க. மனுசங்க விஷயத்துல ஒருத்தர் ஆமாங்கிறார், ஒருத்தர் இல்லைங்கிறார். பாக்டீரியா மாறினதால சிறுநீரகம் கெட்டுதா, சிறுநீரகம் கெட்டதால பாக்டீரியா மாறிச்சான்னே..."

"கொழப்புறியே. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

 யூச்சின் ஆயிரத்து எண்ணூறு கட்டுரைகளை நாடுவாரியாக, வருடவாரியாக எண்ணி வைத்திருந்தாள். எண்ணியது கணினி. அவள் முழுதாகப் படித்தவை பதினொன்று. அவற்றிலும் ஒன்றோடொன்று ஒத்துப்போனவை எவை என்று இப்போது நினைவுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"தெரியலப்பா."

"அப்ப நாளைக்குக் குடிக்கவா, வேண்டாமா?"

"வேண்டாம்ப்பா."

கெட்ட சிறுநீரகத்துக்கு உப்பு ஆகாது என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்பும் தெரியும். அன்று அப்பா கேட்டபோது ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்திருந்தால் போதும்.