ஐதர் அலிக்கு உருது வராது

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு எத்தனை நொடி ஆகும்? இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடிக்கப் போய், திண்டுக்கல் பேகம்பூர் ஹாமித் ராவுத்தர் இரண்டு மாதம் தூக்கம் கெட்டுக் கிடந்தார்.

பிரியாணிக் கடைக்காரர். சீரகச் சம்பாவின் பதம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நல்ல உயரம், அகலமான தோள். கடைக்குள் நின்று "ஒரு மட்டன்" என்று குரல் கொடுத்தால் தெருமுனையில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரல்தான் வினையாகிப்போனது. பார்சல் வாங்க வந்த நூலகர் மணிமேகலை அதைக் கேட்டாள், பார்சலை மறந்தாள்.

"பாய், நீங்கதான் எங்க ஐதர் அலி!" என்றாள்.

நூலகத்து வாசகர் வட்டம் வேலு நாச்சியார் நாடகம் போடுகிறது. அதை எழுதியவளும் அவள்தான். கணவனைப் போரில் பறிகொடுத்த சிவகங்கை ராணி திண்டுக்கல் சீமைக்கு வந்தாள், ஐதர் அலியைக் கண்டாள், உருதிலேயே பேசி அவரை அசரவைத்துப் படை கேட்டாள், எட்டு வருஷம் கழித்துப் போய் இழந்த சீமையை மீட்டாள் என்பது இந்த ஊர் வழிவழியாகச் சொல்லி நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளும் கதை. அந்தச் சந்திப்புதான் நாடகத்தின் உச்சம்.

"அந்தக் காட்சி மட்டும் உருதுல இருக்கணும் பாய். ஒங்களுக்குச் சொல்லியா தரணும்? நான் தமிழ்ல எழுதித் தாரேன், நீங்களே மாத்திக்கங்க. நாச்சியாரா நடிக்கிற அக்காவுக்கும் நீங்களே சொல்லிக் குடுத்துருங்க."

படித்த பெண்தான். ஆனாலும் பாய் என்றால் உருது என்று ஒரு கணக்குப் போட்டுவிட்டாள். ராவுத்தர் வீட்டில் ஐந்து தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேச்சில்லை. ஓதுவது அரபி, உறங்குவது தமிழ். உருதும் ஜப்பான் பாஷையும் அவருக்கு ஒரே தூரம். அதை அங்கேயே சொல்லியிருந்தால் கதை முடிந்தது. மனுஷன் மீசையைத் தடவிக்கொண்டு, "அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லா நாடகத்திலும் திரை இழுத்த ஆள் அவர். மேடை ஆசை ஐம்பத்தெட்டு வயசிலும் தணியவில்லை. அது ஒரு காரணம். பெரிய காரணம் பெங்களூரில் இருந்தது.

மகன் ஆசாத்துக்கு அங்கேதான் வேலை. அங்கேயே ஃபர்ஹீனைப் பார்த்துப் பிடித்துப்போய், கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. பெண்ணின் அப்பா அன்வர் பாஷா, ரிட்டயர்டு உருது வாத்தியார். சம்பந்தம் கூடி வரவேண்டுமே என்று ஆசாத் அப்பாவைப் பற்றி ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்: "எங்க அத்தாவுக்கு உருது தண்ணி பட்ட பாடு." நிச்சயத்தன்று வாத்தியார் என்னென்னவோ கேட்டார். ஹாமித் எல்லாவற்றுக்கும் "ஹாங், ஹாங்" என்று தலையாட்டித் தப்பித்தார். அதற்குப் பிறகு சம்பந்தி போன் அடித்தாலே குளியலறைக்குள் ஓடிவிடுவார். ஒன்றல்ல, பத்து அழைப்பு அப்படிப் போயிற்று.

"எங்க அப்பா மேல மாமாவுக்கு என்ன கோபம்?" என்று ஃபர்ஹீன் அழுகிறாளாம். ஆசாத் போனில் சொன்னபோது ஹாமித்துக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யைப் போட்டு உடைத்தால் மகன் கேவலப்படுவான். உடைக்காவிட்டால் மருமகள் அழுவாள். மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இந்த ஊரில் தெரியாது என்று வாய் திறந்தால் அது பெங்களூருக்கு எட்டிவிடும்.

அதோடு விட்டதா? "அத்தா, நாடகத்துக்கு எங்க மாமனாரு வர்றாரு. முன் வரிசையில சீட்டு போடச் சொல்லிட்டா ஃபர்ஹீன்" என்று அடுத்த வாரம் இன்னொரு போன்.

மனைவி ஜெய்தூன் பீவி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "உருதும் தெரியாது, உண்மையச் சொல்லவும் தெரியாது. இந்த லட்சணத்துல நவாபு வேஷம் வேற!"

ஒத்திகை நடந்தது. நடந்தது என்றால், அந்தக் கூத்தை எப்படிச் சொல்ல! நாச்சியாராக நடித்தவள் பூ மார்க்கெட்டில் மல்லிகைக் கடை வைத்திருக்கும் சேவுகம்பட்டி சண்முகவள்ளி. அவளை எதிரே நிறுத்திவைத்து, ஹாமித் வாயில் வந்த சமையல் சாமானையெல்லாம் உருதாக்கினார். "ஷாஜீரா கபாப் ஹை, குருமா-ஏ-மஹாராணி!" என்று கையை உயர்த்தி முழங்கினார். அவளும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் திருப்பிச் சொன்னாள்.

ஒரு நாள் மட்டும் கேட்டாள். "ஏம் பாய், ஷாஜீரா நீங்க பிரியாணில போடுறதுல்ல?"

"அது வேற. இது அரசாங்க ஷாஜீரா" என்றார் ஹாமித்.

"அப்படியா? சரி சரி" என்று அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்பது அந்த அப்பாவிக்குப் புரியவில்லை.

தாடி விஷயத்தில்தான் ஒரு சண்டை வந்தது. ஐதர் அலிக்குத் தாடி கிடையாது, எடுத்துவிடுங்கள் என்றாள் மணிமேகலை. "வரலாறு வேணும்னா மாறட்டும், தாடி மாறாது" என்று ஹாமித் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. மலைக்கோட்டைக்குக் கீழே பள்ளி மைதானத்தில் நல்ல கூட்டம். ஹாமித் தலைப்பாகையும் சரிகை அங்கியும் போட்டு, திரை இடுக்கு வழியாகப் பார்த்தார். முன் வரிசையில் வெள்ளைக் குல்லாவோடு சம்பந்தி. பக்கத்தில் ஃபர்ஹீன், ஆசாத், ஜெய்தூன். இந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஷாஜீரா செல்லும். உருது வாத்தியார் முன்னால் செல்லுமா? 'யா அல்லா, மழை பெய்யக் கூடாதா' என்று வேண்டிக்கொண்டார். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

திரை விலகியது. சண்முகவள்ளி வாளோடு நடந்து வந்தாள். கூட்டம் தானாகவே அடங்கியது. ஹாமித்தை நேருக்கு நேர் பார்த்து அவள் வாய் திறந்தாள்.

"நவாப் சாஹிப், மேரா ராஜ் சீனா கயா ஹை. மைன் பீக் மாங்க்னே நஹீன் ஆயீ. தோஸ்தீ மாங்க்னே ஆயீ ஹூன்!"

ஹாமித்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதில் ஒரு சாமான்கூடத் தான் சொல்லிக்கொடுத்தது இல்லையே! முன் வரிசையில் சம்பந்தி "வாஹ்!" என்று எழுந்தே நின்றுவிட்டார். என் ராஜ்யம் பறிபோனது, பிச்சை கேட்டு வரவில்லை, நட்புக் கேட்டு வந்தேன் என்று அவள் சொன்னது ஹாமித்துக்குப் புரியாவிட்டாலும் அவருக்கு நன்றாகவே புரிந்தது. முறுக்கு வியாபாரத்துக்குப் போன புருஷனோடு பன்னிரண்டு வருஷம் ஐதராபாத்தில் குடியிருந்தவள் சண்முகவள்ளி என்பது பிற்பாடுதான் வெளியே வந்தது. பழம் தின்று கொட்டை போட்டவளிடம் போய் இவர் பாடம் நடத்தியிருக்கிறார்!

இப்போது நவாப் பதில் சொல்லவேண்டும். மைதானமே அவர் வாயைப் பார்த்தது. நாக்கு நுனியில் குருமா தயாராக நின்றது. சொல்லிவிடலாமா? கீழே பார்த்தார். ஃபர்ஹீன் அவரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத பிள்ளையின் முகம். அதைப் பார்த்ததும் மனுஷனுக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. சிம்மாசனத்தைவிட்டு இறங்கி, மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"நாச்சியாரே! நீங்க பேசுனதுல எனக்கு ஒரு எழுத்தும் வெளங்கல. நான் இந்த மலைக்கோட்டைக்குக் கீழே பொறந்து வளந்தவன். எனக்குத் தெரிஞ்சது தமிழ் மட்டும்தான். தெரியாததத் தெரியும்னு சொல்லி, தேடி வந்தவங்களுக்கு முகம் குடுக்காம ஓடி ஒளிஞ்சேன். தப்பு எம்மேலதான்." அடுத்த வார்த்தை தெருமுனைக்குக் கேட்டது. "ஐயாயிரம் குதிரை கேளுங்க, தாரேன். ஐயாயிரம் ஆள் கேளுங்க, தாரேன். உருது மட்டும் கேக்காதீங்க!"

அப்புறம் பாருங்கள், சிரிப்பும் விசிலும் கைதட்டலுமாக மைதானம் அதிர்ந்தது. மைசூர் நவாப் எந்தக் காலத்தில் திண்டுக்கல்லில் பிறந்தார் என்று மணிமேகலை தலையில் கைவைத்துக்கொண்டாள். சண்முகவள்ளியா அசருகிறவள்! "அப்படீன்னா குதிரைய அவுத்து விடுங்க நவாபு, நேரமாச்சு!" என்றாள் தமிழில். திரை விழுந்தும் விசில் நிற்கவில்லை.

ஹாமித்துக்குத் தலைப்பாகையைக் கழற்றக்கூட நேரம் இல்லை. அன்வர் பாஷா மேடைப் படியேறி வந்துவிட்டார். பின்னாலேயே ஃபர்ஹீன். வாத்தியார் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அதில் வலமிருந்து இடமாக உருது எழுத்து. அவர் வாயில் வந்ததோ தமிழ்; தமிழை உருது எழுத்தில் எழுதிவைத்திருந்தார்.

"சம்பந்தி... எங்க பக்கம்... ஏதாவது தப்பு இருந்தா... மன்னிச்சிடுங்க." தாளை மடித்துக்கொண்டு, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னார். "உங்க தமிழ்ல பேசாம நான் உருதுலயே பேசினேன். உங்களுக்கு மரியாதை இல்லாம ஆச்சு போல, அதான் போன் எடுக்கலேன்னு நினைச்சேன். மூணு மாசமா இதைப் படிக்கிறேன்."

ஹாமித்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரை அப்படியே சேர்த்துக் கட்டிக்கொண்டார். சரிகை அங்கிக்குள் பாதி வாத்தியார் காணாமல் போனார்.

"ஐயோ சம்பந்தி, ஒங்க மேல என்ன தப்பு! எல்லாம் இந்தக் கூறுகெட்டவன் பண்ணுனது. ஒரு வார்த்தை தெரியாதுன்னு சொல்லிருந்தா ஒங்களுக்கும் புள்ளைக்கும் இம்புட்டு வருத்தம் வந்துருக்குமா? வாங்க, வீட்டுக்குப் போவம், ஒக்காந்து பேசுவம்" என்று மூச்சுவிடாமல் கொட்டினார்.

அன்வர் பாஷா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா சம்பந்தி. மெதுவா சொல்லுங்க."

ஹாமித் முதலிலிருந்து, மெதுவாகச் சொன்னார்.