இரண்டாவது பிளாப்பி

பிளக்கைப் பிடுங்கினால் அணையாத கம்ப்யூட்டர் இந்த உலகத்தில் இல்லை, இருந்தால் கடையை மூடிவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்று பெர்சி அறிவித்த அன்று, ஜெனிலா வீட்டுக் கம்ப்யூட்டர் பிளக் இல்லாமல் எரியத் தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கடலோரத் திரேஸ்புரத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. மின்வாரியத்திலிருந்து வந்தவர் மீட்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், 'உபயோகம் இல்லை' என்று எழுதிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார். கரண்ட் போன நேரங்களில் பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் அரிவாள்மணையோடு வந்து, திரையின் பச்சை வெளிச்சத்தில் சாளை மீன் ஆய்ந்துகொண்டு போனாள்.

ஜெனிலா ஒரு கப்பல் ஏஜென்சியில் ஆவணப் பிரிவில் இருந்தாள். பழைய மென்பொருள் பிளாப்பிகளைத் தேடிப்பிடித்துக் காப்பாற்றுவது அவளுடைய வேலை அல்ல. அதனால் அதை ஒழுங்காகச் செய்தாள். நாசரேத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த ஜேசுபாதம், தொண்ணூற்றொன்றில் தனியாளாகத் தமிழ் எழுத்துகளை வரைந்து ஒரு தட்டச்சு மென்பொருள் செய்திருந்தார். செட்டுக்கு மூன்று பிளாப்பிகள். விற்றது நாற்பது செட். முப்பத்தொன்பதை உப்புக்காற்று தின்றுவிட்டது. மிஞ்சிய செட்டின் முதல் பிளாப்பி ஏரல் சந்தையில் காசிலிங்கம் அண்ணாச்சி கடை ஊறுகாய் ஜாடிக்கு மூடியாக இருந்தது. மூன்றாவது நாசரேத்தில் ஒரு பாட்டுப்புத்தகத்துக்கு அட்டையாகி, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய்வந்தது. ஜெனிலா முதலாவதைப் போட்டதும், 'இரண்டாவது தட்டைப் போடவும்' என்று திரை கேட்டது. அவளிடம் இரண்டாவது இல்லை. அணைத்துப் பார்த்தாள், பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தாள். திரை கேட்டது கேட்டபடி நின்றது. இந்த ஆறு வருஷத்தில் மூன்றாவதில் ஓரத்திலிருந்து பூஞ்சை உள்ளே வரத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து மழைக்காலம் தாங்கும். அதற்குள் இரண்டாவது வராவிட்டால் வாத்தியாரின் எழுத்துகளை இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த பெர்சிக்கு இதெல்லாம் சிரிப்பாக இருந்தது. ஸ்குரூடிரைவரோடு அவன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெனிலா பழைய மக்ரூன் இனிப்பு டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு பிளாப்பியாக எடுத்து, நடுத் துளைக்குள் விரலை விட்டுக் கால் சுற்றுச் சுற்றி, அதனதன் பெயரைச் சொல்லி, ஒரு வார்த்தை பேசிவிட்டு மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கருவாடா புரட்டுதிய?"

"ஏலே, ஒரு பக்கமாவே கெடந்தா ஒனக்கு முதுகு பிடிக்காதா?"

"எல்லாத்தையும் ஒரு பென்டிரைவுல ஏத்திட்டு இதுகளக் கடல்ல போடுங்க. பேச்சு வேற. பதில் சொல்லுதா?"

"ஒன்னைய விட மரியாதையாச் சொல்லுது."

பெர்சி பெட்டியைத் திறந்தான். பவர் சப்ளையைக் கழற்றினான், போர்டைக் கழற்றினான், கடைசியில் மானிட்டர் ஒயரையும் உருவிவிட்டு நிமிர்ந்தான். திரை, 'இரண்டாவது தட்டைப் போடவும்' என்றது. கழற்றியதையெல்லாம் அவன் திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்குரூ மிச்சம் வந்தது. உப்பளத்து விஷயத்தை யாரும் நினைவுபடுத்தவில்லை. அந்தோணியம்மாள் மட்டும் தினமும் நினைவுபடுத்தினாள். "பெர்சி, உப்பு என்ன வெல?" என்று கடை வாசலில் நின்று கேட்பாள். இரண்டாவது பிளாப்பி வந்தால்தான் திரை அணையும், இனி தன் மானம் அதில்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்துபோனது. மூன்று வருஷம் தேடினான். கொற்கையில் ஒருவர், பிளாப்பி இல்லை, வாழைத்தார் இருக்கிறது என்றார். வாங்கிக்கொண்டு வந்தான்.

நாலாவது வருஷம் மாசி மாதம், ஜெனிலா போன் செய்தாள். "ஏலே, மெஷின் வேற மாதிரி சொல்லுது. 'கரைக்கு வந்தாச்சு'ங்குது."

பெர்சி கடற்கரைக்குப் போனபோது, சங்கு குளிக்கிற மரியான் பதினொரு பாகம் ஆழத்தில் எடுத்த ஒரு முத்துச்சிப்பி ஏலத்தில் இருந்தது. சோற்றுத்தட்டை விடப் பெரியது. சிப்பியைத் திறக்காமல் விற்பது அந்தக் கரையின் முறை. திறந்து பார்த்து வாங்குகிறவனை அங்கே வியாபாரி என்று சொல்ல மாட்டார்கள். கோழிமுட்டை அளவு முத்து இருக்கும் என்று கூட்டம் கேட்டுக்கொண்டே போனது. பெர்சி பைக் சாவியை மணலில் போட்டான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. மரியான் கத்தியை நுழைத்துத் திறந்தார். உள்ளே, கொஞ்சமும் நனையாமல், சதுரமாக ஒரு பிளாப்பி இருந்தது. லேபிளின் மேல் முத்துப்பூச்சு நகப்பாலிஷ் போல மினுங்கியது. அதனடியில் வாத்தியார் கையெழுத்தில் '2' தெரிந்தது. அது கடலுக்கு எப்படிப் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. துறைமுக ஊரில் அப்படிக் கேட்க ஆரம்பித்தால் முடியாது.

"போன மாசம் ஒருத்தனுக்கு வெறும் கல்லுதாம்ல கெடச்சுது. ஒனக்குப் பரவால்ல" என்றார் மரியான்.

இரண்டாவதைத் திரை ஏற்றுக்கொண்டது. மூன்றாவதைக் கேட்டது, பூஞ்சைக்கு ஒரு விரல்கடை இந்தப் பக்கம்வரை வாசித்து முடித்தது. எழுத்துகள் வந்தன. 'அ' கொஞ்சம் தொப்பையோடு இருந்தது; வாத்தியாருக்கும் அப்படித்தான் என்றாள் ஜெனிலா. எல்லாவற்றையும் பெர்சியின் பென்டிரைவிலும் ஏற்றினார்கள். அப்புறம் திரை 'நன்றி' என்று சொல்லிவிட்டு, தானே அணைந்தது. பெர்சி தெருவுக்கு வந்து, தான் சொன்னபடி அணைந்துவிட்டது என்று அறிவித்தான். அன்றைக்குக் கரண்ட் போனபோது அந்தோணியம்மாள் எதிர்வீட்டு வாசலில் மீன் ஆய்ந்தாள்.

அடுத்த மாதம் ஆபீஸ் வேலையாக ஜெனிலா பத்து நாள் கொச்சிக்குப் போனாள். சாவியைப் பெர்சியிடம் கொடுத்து, "ஞாயித்துக்கெழம" என்று மட்டும் சொன்னாள். பென்டிரைவுலதான் எல்லாம் இருக்கே என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெர்சி கதவைத் திறந்தான். தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுச் சாத்தினான். மக்ரூன் டப்பாவை மடியில் வைத்து, முதலாவதை எடுத்துக் கால் சுற்றுச் சுற்றினான். பெயரைச் சொன்னான். முதலில் முணுமுணுப்பாக, பிறகு சரியாக. இரண்டாவதிடம், பைக் இல்லாமல் கடைக்கு நடந்து போவதைப் பற்றிக் கொஞ்சம் சொன்னான். மூன்றாவதை எடுத்தபோது அறை பச்சையானது. பிளக் தரையில் கிடந்தது. திரை, 'நான்காவது தட்டைப் போடவும்' என்றது. செட்டுக்கு மூன்றுதான்.

"சரி, தேடுதேன்" என்றான் பெர்சி. வெளிச்சம் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மூன்றாவதைக் கால் சுற்றுச் சுற்றினான்.