ஏழு துண்டு, மூன்று சீட்

எங்கள் தெருவுக்குத் தூக்கம் பஸ்ஸில் வருகிறது. காலை பதினொரு மணிக்கு. மூன்றே சீட். வீட்டுக்கு ஏழு துண்டு. கண்டக்டர் விசில் அடித்ததும் ஏழையும் ஜன்னல் வழியாக வீசி இடம் பிடிக்க வேண்டும். ஒரு சீட்டில் யார் துண்டு அதிகமோ, அந்த சீட் அவருக்கு. இரண்டு சீட் பிடித்தவருக்கு அன்றைய தூக்கம் மொத்தமும்.

தெருவில் இரண்டே வீடு. எதிர்வீட்டில் சிகாமணி தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டில் நானும் மனைவி வனஜாவும். எனக்குத் தூக்கம் ஆபீசிலேயே கொடுத்துவிடுகிறார்கள். வனஜா தூங்கிப் பத்தொன்பது நாளாகிறது. நேற்று உப்பு டப்பாவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

சிகாமணி பலே ஆசாமி. நான் மூன்று, மூன்று, ஒன்று என்று வீசினேன். அவர் சைபர், நான்கு, மூன்று. மறுநாள் அவர் வீசிய கணக்கையே நான் வீசினேன். அவர் ஒன்று, ஐந்து, ஒன்று. இரண்டு நாளும் தூக்கம் எதிர்வீட்டுக்குப் போனது.

யோசிப்பதற்கென்றே எங்கள் வீட்டில் மாடிகள் உண்டு. முதல் மாடியில், அவர் எப்படி வீசுவார் என்று யோசிக்கலாம். இரண்டாம் மாடியில், நான் எப்படி வீசுவேன் என்று அவர் நினைப்பார் என்பதை. அன்று விடாமல் ஏறினேன். ஏற ஏற மாடி கூடியது. பதினான்காம் மாடியில் சிகாமணி பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்.

“லேட்டு சார்” என்றார்.

“இது எங்க வீடு.”

“ஒம்பதாவது மாடிக்கு மேல ரெண்டு வீடும் ஒண்ணுதான்.”

எனக்கு ஒரு முறுக்கு கொடுத்தார். “உங்களுக்குத்தான் ஆபீஸ்ல தராங்களே. அப்புறம் எதுக்கு இந்த அடிதடி?”

“வனஜாவுக்கு. பத்தொன்பது நாளாச்சு.”

சிகாமணி தன் முறுக்கைக் கீழே வைத்துவிட்டார்.

“நீங்க என்ன நினைப்பீங்கன்னு பதினாலு மாடி யோசிச்சேன் சார். யாருக்குன்னு யோசிக்கவே இல்ல.”

மறுநாள் அவர் ஏழு துண்டையும் நடு சீட்டில் வீசினார். ஓரத்து சீட் இரண்டும் எனக்கு.

“கணக்கு தப்பிடுச்சு” என்றார் கண்டக்டரிடம்.

வேண்டுமென்றே தோற்றால் துண்டைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். அதனால் என்னால் நன்றி சொல்ல முடியவில்லை. வனஜா வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஆனந்தமாக அழுதேன்.

அதற்கடுத்த நாள் சிகாமணியின் கண்கள் சிவந்திருந்தன. தன் கதவு என்று நினைத்து மின்கம்பத்தைத் திறக்கப் பார்த்தார். விசில் அடித்தது. நான் ஏழையும் நடு சீட்டில் வீசினேன். அவரும் அப்படியே வீசினார். ஓரத்து சீட்டுகள் காலியாக இருந்தன.

கண்டக்டர் இரண்டு முறை எண்ணினார்.

“இது புக்லயே இல்லையே. என்ன பண்றது?”

“தூக்கத்தைக் கிழிச்சுக் குடுங்க” என்றோம் இருவரும்.

கிழித்தார். கோணலாகக் கிழிந்தது. சிகாமணி பெரிய பாதியை என் கையில் வைத்து மடக்கினார். சின்னதை இடுப்பில் செருகிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி தெருவைக் கடந்தார்.